பாரம் எவ்வளவு?

களனி கங்கை கடலில் சேர்கிற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், மட்டக்குளியில் எங்கள் வீடு. தபாலுக்குக் கொழும்பு 15. வாசலில் நிற்பது ஒரு பழைய ஜிம்னி ஜீப். மற்ற ஜிம்னிகளைவிட இது இரண்டு அங்குலம் உயரம். அந்த இரண்டு அங்குலத்துக்கு எவ்வளவு காசு போனது என்பதை வீட்டில் நான் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. உயர்த்திக் கொண்டுவந்த அன்று அம்மா வாசலுக்கு வந்தார். எண்பது தாண்டியவர். கதவைத் திறந்தார், ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார், திரும்பக் கீழே வைத்தார்.

"இது ஏறுறதுக்கோ மகன், பார்க்கிறதுக்கோ?"

எங்கள் குடும்பத்து ஜீப்புகள் சம்பந்தமாக நியாயமான கேள்வி கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் அம்மா. மற்றவர், ஐம்பது வருஷத்துக்கு முன் தொட்டலங்கப் பக்கம் லொறிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடித்துக் கொண்டிருந்த ஒரு பாஸ்.

அப்பா மன்னார் ஆள். கொழும்புத் துறைமுகத்தில் வாஃப் கிளார்க். 1975இல் அரசாங்கம் கம்பனித் தோட்டங்களைப் பொறுப்பேற்றபோது வெள்ளைத் துரைமார் சட்டிமுட்டியோடு கப்பலேறினார்கள். அவர்களுடைய பெட்டிகளுக்குக் கடதாசி எழுதி ஏற்றி அனுப்பியதில் தனக்கும் பங்குண்டு என்று அப்பா கடைசிவரை சொல்லிக் கொண்டிருந்தார். கப்பலேறாமல் நின்றுபோன சாமான்களில் ஒன்று நீட்டு லாண்ட் றோவர். 109 அங்குல வீல்பேஸ், பின்னால் எதிரெதிரே இரண்டு நீட்டுப் பலகை இருக்கை. கைமாறிக் கைமாறி அது எங்கள் முற்றத்துக்கு வந்தது. அந்த முழு ஜீப்புக்கு அப்பா கொடுத்த காசில் இன்றைக்கு ஜிம்னிக்கு ஒரு செட் புஷ் வாங்க ஏலாது.

லாண்ட் றோவர் முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்டது 1948 ஏப்ரல் கடைசியில், ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. "ரெண்டுக்கும் ஒரே வயசு. எது கூட ஆடுதெண்டு நீயே பார்" என்பது அப்பாவின் மாறாத பகிடி.

ஜீப் நன்றாகவே ஆடியது. நாலு மூலையிலும் வில்லாக வளைத்த உருக்குப் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியவை. சனம் ஏறினால் பட்டை நிமிரும், இறங்கினால் வளையும். வருஷக்கணக்கில் நிமிர்ந்து நிமிர்ந்து ஒரு நாள் திரும்ப வளைய மறந்துவிடும். எங்களுடையது தோட்டத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்தது. கிடங்கில் சக்கரம் விழும்போதெல்லாம் ஆச்சி "மடு மாதாவே" என்பார். கொழும்பிலிருந்து மடுக் கோயிலுக்குப் போய்ச் சேருமுன் மாதாவை அவர் எத்தனை தரம் கூப்பிடுவார் என்று பிள்ளைகள் நாங்கள் பந்தயம் கட்டுவோம்.

அந்தக் காலத்தில் சஸ்பென்ஷன் என்ற சொல்லை எங்கள் ஒழுங்கையில் யாரும் வண்டிக்குச் சொன்னதில்லை. அது வேலைக்கு வராதே என்று கடிதம் கொடுப்பதற்கான சொல். துறைமுகத்தில் அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு பேருக்கு அது கிடைத்திருந்தது. ஜீப்புக்கு வந்த வருத்தத்துக்குப் பெயர் "பட்டை படுத்திட்டுது". மருந்து தொட்டலங்கவில்.

தகரக் கொட்டில், உலை, பட்டறைக்கல், ஆள் உயரத்துக்கு உடைந்த லொறிப் பட்டைகளின் குவியல். பாஸின் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காது, மறுபக்கம் நூல். சிங்களமும் தமிழுமாக அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பாரம் எவ்வளவு, மாத்தயா?"

அப்பா பட்டியல் சொன்னார். நாங்கள் ஏழு பேர். ஆச்சி. மன்னாரிலிருந்து மாமிமார் வந்தால் இன்னும் மூன்று. ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போகும்போது ஒரு மூட்டை அரிசி, படங்கு, பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு உயிர்க்கோழி. பாஸ் சீமெந்துத் தரையில் ஒவ்வொன்றுக்கும் சோக்கால் ஒரு கோடு போட்டார்.

"கோழிக்கும் கோடோ?" என்றார் அப்பா.

பாஸ் யோசித்தார். "போகேக்க இருக்கும், வரேக்க இருக்காது" என்று அந்தக் கோட்டைக் காலால் அழித்தார்.

பிறகு வேலை. யூ போல்ட்டைக் கழற்றி, நடு போல்ட்டைத் தட்டி எடுத்ததும் பட்டைகள் சீட்டுக்கட்டுப் போல் பிரிந்தன. ஒவ்வொன்றையும் துடைத்துக் கவிழ்த்து, குறி வைத்து, பட்டறைக்கல்லில் அடி. நெருப்புக் காட்டாமல், வெறும் சுத்தியலால், கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கண்ணளவில் பிடித்து, நடுவில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்து மறுபடி அடி. அடுக்குகிறபோது இடையில் கிராபைட் கலந்த கிரீஸ். பின்பக்கத்துக்கு மட்டும் குவியலில் தேடி ஒரு லொறிப் பட்டையை எடுத்து, நீளம் வெட்டி, அடியில் சேர்த்தார். எங்கள் குடும்பத்தின் முதல் சஸ்பென்ஷன் முன்னேற்றம் அதுதான். கடதாசி இல்லை, கம்பனி இல்லை, உத்தரவாதம் இல்லை.

வலப்பக்கக் கட்டுக்கு வளைவு கொஞ்சம் கூட இருந்தது. பழைய பிழை என்று நினைத்து, இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கச் சொன்னார் அப்பா. பாஸ் சம்மதிக்கவில்லை. சாரதியும் வலப்பக்கம், எண்ணெய்த் தாங்கியும் அவருடைய இருக்கைக்குக் கீழே. வெறுமனே நிற்கும்போது ஜீப் சரிந்து தெரிந்தால்தான் ஆள் ஏறி ஓடும்போது நேரே நிற்கும். செய்த வெள்ளைக்காரன் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறான் என்று விளக்கினார்.

கடைசியில்தான் எங்களுக்குப் பிடித்த வேலை. ஜீப்பை ஜக்கிலிருந்து இறக்கி நாலு சக்கரத்தில் நிறுத்திவிட்டு, "பிள்ளைகள் எல்லாம் ஏறுங்க" என்பார். நாங்கள் அடிபிடிப்பட்டு ஏறியதும் கீழே படுத்துப் போய், பட்டைக் கண்களின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கடைசி முறுக்கு முறுக்குவார். விளையாட்டு என்று நினைத்தோம். காரணம் வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. பட்டைக் கண்ணுக்குள் இருப்பது ரப்பர் புஷ். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும், முறுகியபடியே ஓடும், சில மாதத்தில் கிழியும். பாரத்தோடு தரையில் நிற்கும்போது இறுக்கினால் ரப்பருக்கு நோவு இல்லை. 

1983 ஆடி மாதக் கடைசியில், இனக்கலவர நாட்களில், ஓர் இரவு அந்த ஜீப்பில் பதினாறு பேர் ஏறினோம். வீட்டார், பக்கத்து வீட்டார், பெயர் தெரியாத ஒரு தாயும் பிள்ளையும். அரிசி மூட்டை இல்லை, பாய் இல்லை. அப்பா விளக்குப் போடாமல் ஓட்டினார். ஒரு கோயில் வளவுக்குள் திரும்புகிற இடத்தில் கான் ஒன்று. பின்சக்கரம் அதில் விழுந்தபோது வெடிச் சத்தம் போல ஒன்று கேட்டது. எல்லாரும் குனிந்தோம். உடைந்தது மெயின் பட்டை. லொறிப் பட்டை உடையவில்லை. அதைத் தாங்குதலாக வைத்துத்தான் ஜீப் இழுபட்டு வளவுக்குள் போய் நின்றது.

இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தொட்டலங்கவுக்குப் போக முடிந்தது. பாஸ் உடைந்த பட்டையைக் கையில் எடுத்து, உடைந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் பாரம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. பட்டைக்குக் காசு எடுத்தார், கூலிக்கு எடுக்கவில்லை.

அதே 1983இல்தான் இங்கிலாந்தில் லாண்ட் றோவர் கம்பனி நூற்றுப்பத்து என்ற புது மாதிரியில் பட்டையைக் கைவிட்டு கொயில் ஸ்பிரிங்குக்கு மாறியது. மட்டக்குளியில் அதை யாரும் கவனிக்கவில்லை. எங்களுக்கு வேறு செய்திகள் இருந்தன.

இனி இந்தக் காலத்துக் கதை. நான் ஜிம்னியை வாங்கியது 2019இல். நாலு மூலையிலும் கொயில் உள்ள, 1998இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை. அடுத்த வருஷம் மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. வாசலில் சும்மா நின்ற பழைய வண்டிக்கு மாதாமாதம் விலை ஏறியது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலி முதலீடு அது, அதையும் தெரியாமல்தான் செய்தேன். 2022இல் எண்ணெய் வரிசை, பிறகு கியூஆர் அட்டை, காருக்கு வாரம் 20 லீற்றர். ஓட்ட வழியில்லாததால் வண்டியைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. ஓடாத வண்டியின் ஓட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் அந்த வரிசைகளில் நின்று கையடக்கத் தொலைபேசியில் படம் பார்த்தபோதுதான் முளைத்தது. பாலைவனத்தில் பறக்கிற ஜீப்புகள், சேற்றில் நீந்துகிற ஜீப்புகள். நான் நின்றது முகத்துவாரத்தில் ஒரு பெட்ரோல் செட்டில்.

அக்காவின் மகன் மெல்பனில் இருக்கிறான். ஜீப்புகளை உயர்த்துவதில் அவுஸ்திரேலியர்கள் கைதேர்ந்தவர்கள், கண்டம் அப்படி. அவர்களுடைய பெயர்பெற்ற சஸ்பென்ஷன் ஒன்றுக்கு ஓல்ட் மேன் ஈமு என்று பெயர். வண்டியை உயர்த்துகிற சாமானுக்குப் பறக்காத பறவையின் பெயர் வைத்திருக்கிறார்களே என்று நான் சொன்னதை மருமகன் ரசிக்கவில்லை.

"மாமா, முதல்ல சொல்லுங்க, எந்தக் காட்டுக்குப் போறீங்க?"

"வெள்ளவத்தைக்கு."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தில் சத்தமில்லை.

இருந்தாலும் நல்ல பிள்ளை, பொறுமையாகப் பாடம் எடுத்தான். ஷொக் வண்டியை உயர்த்தாது, ஆட்டத்தை அடக்கும், உயர்த்துவது ஸ்பிரிங்தான். பழைய பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து தாமாகவே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும், தாத்தாவின் லாண்ட் றோவர் ஷொக் செத்த பிறகும் ஓடியது அதனால்தான். கொயிலுக்கு அந்த உராய்வு இல்லை. ஷொக் போனால் வண்டி தவளை. ஷொக்கிலும் இரட்டைக் குழாய் உண்டு, ஒற்றைக் குழாயில் நைதரசன் அடைத்தது உண்டு. கரடுமுரடான பாதையில் மணிக்கணக்காக ஓடினால் உள்ளே எண்ணெய் சூடாகி நுரைத்து ஷொக் சோர்ந்துபோகும், அதைத் தாங்குவதற்குத்தான் விலை கூடியது. காலி வீதியில் கோயிலுக்கும் சந்தைக்கும் போகிறவருக்கு ஜப்பான் கயாபாவே தாராளம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு விலை கூடியதையே கேட்டேன். 

சாமான் தெரிவுசெய்கிற படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: எந்நேரமும் ஏற்றியிருக்கும் பாரம் எவ்வளவு? மூன்று கட்டங்கள். வெறும் வண்டி. இரும்புப் பம்பரும் விஞ்சும் பூட்டியது. எப்போதும் முழுப் பாரத்தோடு ஓடுவது. தொட்டலங்கப் பாஸ் சோக்கால் கேட்ட அதே கேள்வி, ஐம்பது வருஷம் கழித்து வழவழப்பான எழுத்தில். அப்பா கோழிவரை உண்மை சொன்னார். நான் மூன்றாவது கட்டத்தில் அடையாளம் இட்டேன். காரணம், அதுதான் பட்டியலில் தடிப்பான ஸ்பிரிங். விலை குறைந்துபோன ரூபாயில் வாங்குகிறோம், தடிப்பாகவே வாங்குவோம் என்ற கணக்கு.

2024இல், வெள்ளை ஓடு பதித்த ஒரு கராஜில் பூட்டினார்கள். ஹைட்ரோலிக் தூக்கியில் ஜிம்னி அந்தரத்தில் நின்றது, சக்கரங்கள் தொங்கின. காற்றுத் துப்பாக்கியால் போல்ட்டுகளை டர்ர் டர்ர் என்று இறுக்கினார்கள், அங்கேயே, அந்தரத்திலேயே. என் மனசுக்குள் "பிள்ளைகள் எல்லாம் ஏறுங்க" என்று ஒரு குரல் கேட்டது. வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி அறையில் ஏசி ஓடியது, கோப்பி தந்தார்கள். கோப்பி குடிக்கிற இடத்தில் தகரக் கொட்டில் கதை சொல்லக் கூச்சம்.

வீட்டுக்கு வருகிற வழியில் எதிரே வந்தவர்கள் எல்லாம் விளக்கைச் சிமிட்டினார்கள். வண்டியின் வடிவைப் பார்த்துத்தான் என்று நினைத்து நானும் கையைக் காட்டினேன். ஒழுங்கைக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது, உயர்த்தியதில் என் முன்விளக்குகள் எல்லாருடைய கண்ணிலும் அடித்திருக்கின்றன.

ஒரு கிழமை கழித்துக் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஒரு சின்னத் திண்டு. முன்சக்கரங்கள் இரண்டும் நடுங்கத் தொடங்கி, ஸ்டியரிங் கையில் துள்ளியது. வேகத்தைக் குறைத்த பிறகே அடங்கியது. மருமகன் விளக்கினான். சைக்கிளின் முன் கவை பின்னால் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் அது நேரே ஓட உதவுகிறது. ஜிம்னியின் முன் அச்சுக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. உயர்த்தினால் அச்சு கொஞ்சம் சுழன்று சாய்வு குறைகிறது. தேய்ந்த பெயாரிங், சமன் பார்க்காத டயர் இருந்தால் நடுக்கம் வர அது போதும். அதோடு, கொயில் பாரத்தைத் தாங்குமே தவிர அச்சை இடத்தில் பிடித்து வைக்காது. அதற்குக் குறுக்கே தனியாக ஒரு கம்பி இருக்கிறது. உயர்த்தியதும் அந்தக் கம்பி அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். அப்பாவின் ஜீப்பில் பாரம் தாங்குவது, அச்சைப் பிடித்து வைப்பது இரண்டையும் பட்டையே பார்த்துக் கொண்டது, சம்பளம் கேட்காமல்.

அந்த ஆவணியில் மடுவுக்குப் போனோம். அம்மா அக்காவின் காரில் வந்தார். மதவாச்சியிலிருந்து தலைமன்னார் போகிற ஏ14 வீதி ஒரு காலத்தில் ஆச்சி மாதாவைக் கூப்பிட்ட பாதை. இப்போது கார்ப்பட். கிடங்கும் இல்லை, திண்டும் இல்லை. காட்டுப் பாதைக்கென்று உயர்த்திய வண்டி அந்த வழவழப்பில் குத்திக் குத்தி ஓடியது. ஆயிரத்துச் சொச்சம் கிலோ வண்டி, உள்ளே நானும் மனைவியும் ஒரு தண்ணீர்ப் போத்தலும். முழுப் பாரத்துக்குச் செய்த ஸ்பிரிங் எங்கள் இருவரையும் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மனைவி மாதாவைக் கூப்பிட்டார். நான் எண்ணவில்லை. போய்வந்த பயணத்தில் ஜிம்னி உண்மையில் நாலு சக்கர இழுவை கேட்ட ஒரே இடம் எங்கள் ஒழுங்கை முனை. யாரோ குழாய் போடத் தோண்டி மூடாமல் போயிருந்தார்கள்.

மார்கழியில் முன்பக்கம் கடகடவென்று சத்தம். புஷ்கள் கிழிந்திருந்தன. 

வேறொரு கராஜில், வாசலில் கோயிலின் பழைய வேன் நிற்கிற மாதிரியான இடத்தில், திருத்தினேன். தடிப்பு ஸ்பிரிங்கைக் கழற்றி வெறும் வண்டிக்கானதைப் போட்டார்கள். அச்சின் சாய்வைத் திரும்பக் கொண்டுவரும் புஷ்கள், நீளம் மாற்றக்கூடிய குறுக்குக் கம்பி, முன்விளக்குகளுக்குக் கீழ்நோக்கிய பார்வை. கடைசி முறுக்கை வண்டியைத் தரையில் இறக்கித்தான் இறுக்க வேண்டும் என்று நான் துணிந்து சொன்னேன். "அது தெரியும் அங்கிள். நீங்க ஏறி இருங்க" என்றான் பெடியன். சாரதி இருக்கையில் தனியாக ஏறி இருந்தேன். கீழே சாவி திருகுகிற சத்தம். பதினொரு வயதில் கேட்ட அதே சத்தம், ஆனால் அடிபிடிப்பட யாரும் இல்லை.

தடிப்பு ஸ்பிரிங்கை சஃபாரி ஜீப் ஓட்டுகிற ஒருவருக்குப் பாதி விலைக்கு விற்றேன். விற்று ஒரு வருஷம் ஆகவில்லை, 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் வந்தது. களனி பெருகியது. பங்குக் கோயிலில் சேர்த்த அரிசி மூட்டைகளையும் தண்ணீர்ப் பெட்டிகளையும் கங்கையோரத்து ஒழுங்கைகளுக்குக் கொண்டுபோக வண்டி கேட்டார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக என் ஜிம்னிக்கு உண்மையான பாரம். பின்பக்கம் படுத்து, முன்பக்கம் வானம் பார்த்து, மெதுவாகப் போய் வந்தது. மூன்று நடை. பெரிய வேலையை லொறிகளும் வள்ளங்களும்தான் செய்தன, நான் மிச்சத்தைச் செய்தேன். ஸ்பிரிங்கை விற்றதற்காக அன்று முழுக்க என்னையே திட்டிக் கொண்டேன். ஆனால் வெறும் வண்டி ஸ்பிரிங் உடையவில்லை. இறக்கி முடிந்ததும் எழும்பி நின்றது.

அதனால் இப்போது என் தீர்ப்பு இதுதான். வருஷத்தில் ஒரு நாள் ஏறுகிற பாரத்துக்காக மற்ற முந்நூற்றறுபத்து நாலு நாளும் இடுப்பை உடைத்துக் கொள்ளத் தேவையில்லை. அந்த ஒரு நாளுக்காகப் பின்பக்கத்தில் ஒரு பட்டை கூடப் போட்டு வைத்த தொட்டலங்கப் பாஸை நான் இதில் சேர்க்கவில்லை. அவர் எங்கள் ஆச்சியையும் மாமிமாரையும் எண்ணித்தான் போட்டார். ஜீப்பை உயர்த்த நினைக்கிறவர்கள் கடைக்குப் போகுமுன் ஒரு சோக்கை எடுத்து, முற்றத்தில் குந்தியிருந்து கோடு போட்டுப் பாருங்கள். கோழியை விட்டுவிடலாம். ஏறப்போகிறவர்களின் வயதையும் எழுதிக் கொள்ளுங்கள்.

உயரம் மட்டும் குறையவில்லை. அம்மாவுக்காக வெள்ளவத்தையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினேன். அதை வைத்து ஏறி, ஏறியதும் ஸ்டூலை உள்ளே எடுத்து மடியில் வைத்துக் கொள்வார். என் ஜீப்பில் எந்நேரமும் ஏற்றியிருக்கும் பாரம் இன்றைக்கு அது ஒன்றுதான். நிறுத்துப் பார்த்தேன், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.